வெறுந்தோள் ஆன்ஷல்

சனிக்கிழமை ஓய்வுநாள் காலையில் பெண்கள் மாடத்தின் மரச்சட்டங்களுக்கு இடையே கீழே பார்த்தால் யூத ஜெபக்கூடம் முழுக்க வெள்ளையாகத் தெரியும். கறுப்புக் கோடு ஓடிய வெள்ளைக் கம்பளிச் சால்வைகள். சிலர் தலைவரை இழுத்துப் போர்த்தியிருப்பார்கள், சிலர் தோளில் ஏற்றி மடித்திருப்பார்கள். எல்லார் சால்வையிலும் மூலைக்கு ஒன்றாக நான்கு நூல்குஞ்சம் தொங்கும். அந்த வெள்ளைக்கு நடுவே, கணப்பு அடுப்புக்குப் பக்கத்து இருக்கையில், ஒரு கறுப்பு மேல்கோட்டு மட்டும் தனியாகத் தெரியும். அதுதான் ஆன்ஷல். பையன்களும் கறுப்புக் கோட்டில்தான் வருவார்கள். ஆனால் அவர்களுக்குத் தாடி நரைத்திருக்காது.

ஜெருசலேமின் இந்தப் பகுதியில் கல்யாணம் ஆகிறவரை ஆணுக்குப் பெரிய சால்வை கிடையாது. சட்டைக்குள் போடுகிற சின்ன நாலுமூலைத் துணி மூன்று வயதிலேயே ஏறிவிடும். அதன் குஞ்சங்கள் இடுப்பில் தொங்கிக்கொண்டு சாகும்வரை கூடவே வரும். பெரியதைப் பெண்வீட்டார்தான் வாங்கித் தரவேண்டும். வேதத்தில் குஞ்சங்களைப் பற்றிய வரிக்கு அடுத்த வரியே ஒருவன் பெண் கொள்வதைப் பற்றி வருகிறது, அதனால்தான் இப்படி என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். காரணம் எதுவோ, இங்கே ஒருவனுக்குக் கல்யாணம் ஆனதா என்று யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. தோளைப் பார்த்தாலே போதும். மனைவியை இழந்தவன்கூடச் சால்வையோடு நிற்பான். கல்யாணமே ஆகாதவன்தான் வெறுந்தோளோடு நிற்பான். தெருப்பிள்ளைகள் அவனுக்கு வைத்திருந்த பெயரே வெறுந்தோள் ஆன்ஷல்.

இரண்டு தெரு தள்ளி, சிரியாவின் அலெப்போ நகரத்திலிருந்து வந்தவர்களின் ஜெபக்கூடம் இருந்தது. அங்கே பதின்மூன்று வயதுப் பையனே பெரிய சால்வை போர்த்துவான். அங்கே போய் நின்றால் ஒருத்தரும் உன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று எத்தனையோ பேர் ஆன்ஷலிடம் சொல்லிப் பார்த்தார்கள். எங்கப்பா முறை இதுதான் என்று சொல்லிவிட்டு அவன் மண்ணெண்ணெய் வண்டியைக் கிளப்பிவிடுவான்.

கோவேறு கழுதை இழுக்கும் வண்டி, மேலே தகரத் தொட்டி, கையில் ஒரு மணி. குளிர்காலத்தில் அந்த மணிச்சத்தம் கேட்டால் வீட்டுக்கு வீடு பெண்கள் தகர டப்பாவோடு இறங்கி வருவார்கள். அவன் கையிலும் கோட்டிலும் ஏறிய மண்ணெண்ணெய் வாடை எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

அவன் குடும்பம் பழைய நகரத்திலிருந்து அகதியாக வந்தது. நாற்பத்தெட்டுப் போரில் அங்கே முற்றுகை நடந்தபோது அப்பா தண்ணீர் வரிசையில் நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆன்ஷலின் தங்கை ஹென்யா நின்றாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. குண்டு விழுந்தது. அப்பா அங்கேயே போய்விட்டார். ஹென்யா மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றோடு அவள் பேச்சு நின்றுபோனது. கொஞ்ச நாளில் சாப்பாடும் தூக்கமும் தவறின. கதவு திறந்திருந்தால் போதும், வெளியே போய் எந்த வரிசை தெரிகிறதோ அதில் நின்றுகொள்வாள். ரொட்டிக் கடை வரிசை, பேருந்து வரிசை, எதுவானாலும் சரி. அம்மா ரோய்ஸா மூன்று வருடம் தாங்கினாள். பிறகு நகரத்தின் மேற்கோரத்தில் இருந்த மனநோய் மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டாள். அதன் பிறகு புதிதாகக் குடிவந்த தெருவில் யாருக்கும் பழைய கதை தெரியாது. பெண்ணுக்கு நுரையீரல் பலவீனம், திபேரியா ஊரில் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்று ரோய்ஸா சொல்லிவைத்தாள். கடைக்குட்டி லிப்மனுக்கும் அதையே சொல்லப் பழக்கினாள்.

ஆன்ஷல் செவ்வாய்க்கிழமைதோறும் வண்டியைச் சீக்கிரம் நிறுத்திவிட்டு ஹென்யாவைப் பார்க்கப் போவான். அவித்த முட்டையும் ஒரு துண்டு கசகசா கேக்கும் கொண்டுபோவான். அவள் முகத்தைப் பார்க்கமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இடுப்பில் தொங்கும் குஞ்சத்தை எடுத்து, நூலை விரலில் சுற்றுவாள், அவிழ்ப்பாள், மறுபடி சுற்றுவாள். அவன் எழுந்து கிளம்பும்வரை விடமாட்டாள். சில நாள் நூலைக் கடித்தும் விடுவாள். நூல் அளவுக்கு மேல் தேய்ந்தாலோ அறுந்தாலோ குஞ்சம் செல்லாது. ஆன்ஷல் வீட்டுக்கு வந்து பழையதை அறுத்தெடுத்துப் புது நூல் கோப்பான். மூலைக்கு எட்டு நூல், ஐந்து முடிச்சு. எபிரேயத்தில் குஞ்சம் என்ற சொல்லின் எழுத்துகளுக்கு எண் போட்டால் அறுநூறு வரும், அதோடு எட்டும் ஐந்தும் சேர்த்தால் வேதத்தின் அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளை என்று சின்ன வயதில் பள்ளியில் வாய்ப்பாடாகச் சொல்லித் தந்தது அவன் வாயில் தானாக ஓடும். மருத்துவமனைப் பணியாள் ஒருத்தி கிண்டல் செய்வாள்.

"என்ன ஆன்ஷல், உன் தங்கச்சி கேக்கை விட்டுட்டு உன்னையே தின்னுட்டா போலிருக்கே."

அவனுக்கு இருபத்தேழு வயதானபோது தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். புத்தகம் கட்டும் கால்மனின் மூத்த மகள் பெஸ்யா. மண்ணெண்ணெய்க்காரனுக்கு இது பெரிய இடம். கால்மன் வீட்டில் ஒருமுறை எதிரெதிரே உட்காரவைத்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. மேசையில் தேநீர் இருந்தது. கழுதைக்குப் பெயர் உண்டா என்று பெஸ்யா கேட்டாள். பெயர் வைக்கலை, கூப்பிடாமலே வந்துடும் என்றான் இவன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் தெருத்தெருவாக வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தான்.

நிச்சயம் முடிந்து, வழக்கப்படி ஒரு பீங்கான் தட்டை உடைத்தார்கள். கல்யாணத்துக்குச் சில வாரம் இருக்கையில் பெண்வீட்டிலிருந்து சால்வை வந்தது. பளிச்சென்ற புதுக் கம்பளி, நீல வெல்வெட் உறை. உறையின் மேல் பெஸ்யா அவன் பெயரை நூலால் தைத்திருந்தாள். ரோய்ஸா அதை அலமாரியின் மேல் எடுத்துவைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் இறக்கிக் காட்டினாள்.

மறுநாள் புதன்கிழமை. ஆன்ஷல் காலை ஜெபத்துக்குப் போனான். குஞ்சங்களைப் பற்றிய பகுதி வரும்போது எல்லாரும் நான்கு குஞ்சத்தையும் ஒரு கையில் சேர்த்துப் பிடிப்பார்கள். அவற்றைப் பார், கட்டளைகளையெல்லாம் நினை, உன் இதயத்தின் பின்னாலும் கண்களின் பின்னாலும் போகாதே என்று வரும் இடத்தில் குஞ்சத்தைக் கண்ணில் ஒற்றி முத்தமிடுவார்கள். மூன்று வயதிலிருந்து தினமும் செய்வதுதான். அன்று அவன் கையிலிருந்த குஞ்சம் ஒன்று நைந்து, நுனி பிரிந்து, பல் பட்ட தடத்தோடு இருந்தது. முந்தின நாள் ஹென்யா சுற்றியது. கல்யாணப் பரபரப்பில் மாற்ற மறந்திருந்தான். பார் என்றார்கள், பார்த்தான். கட்டளை எதுவும் அவன் நினைவுக்கு வரவில்லை. ஹென்யாதான் வந்தாள். திபேரியாவில் இல்லாத ஹென்யா.

அங்கிருந்து நேராகக் கால்மனின் பட்டறைக்குப் போனான். கால்மன் பசைச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. காலங்காத்தால என்ன விசேஷம்?"

ஆன்ஷல் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அப்பா செத்தது, ஹென்யா பேச்சு நின்றது, மருத்துவமனை, சித்தி கதை. கால்மன் கிளறுவதை நிறுத்தியிருந்தார். பசை ஆறி மேலே ஆடை கட்டியது. கடைசியில் சட்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"இதை ஏன் தம்பி என்கிட்ட வந்து சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா கல்யாணத்துக்கப்புறம் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்போ விதின்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். இப்போ தெரிஞ்சே செய்யணும்ல. இவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

மாப்பிள்ளை தம்பியாகிப் போனதை ஆன்ஷல் கவனித்தான். குண்டு விழுந்த அதிர்ச்சியில் வந்தது, பரம்பரை நோய் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான். எனக்குப் புரியுது, ஊருக்குப் புரியாது என்றார் கால்மன். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினார். அந்த வார இறுதிக்குள் தரகர் வந்து சம்பந்தம் உடைந்துபோனது என்று சொல்லிவிட்டார்.

சால்வையை ஆன்ஷலே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். உறையில் தைத்த பெயரை என்ன செய்வார்கள் என்று வழியெல்லாம் யோசனையாக இருந்தது.

ரோய்ஸா அன்று கத்தவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டே பேசினாள்.

"நான் சொன்னது பொய்தான். யார் இல்லைன்னா? மூணு பிள்ளைங்களுக்காகச் சொன்னேன். அவளை ஊர் பைத்தியம்னு சொல்லக்கூடாதுன்னு சொன்னேன், உனக்கும் லிப்மனுக்கும் ஒரு குடும்பம் வேணும்னு சொன்னேன். நீ சொன்ன உண்மை யாருக்காக? உன் ஒருத்தன் மனசு லேசாகணும்னு சொன்னே. ஆயிடுச்சா?"

ஆகவில்லை. அவன் கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

ஒரே மாதத்தில் தெரு முழுக்கத் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் விசாரிப்பதோடு நின்றன. சில வருடத்தில் விசாரிப்பும் நின்றது. லிப்மன் பதினெட்டு வயதில் பினே பிராக் ஊருக்குப் படிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டினான். தங்களுக்குச் சகோதரி யாரும் இல்லை என்று சொல்லிக் கட்டினான். ரோய்ஸா கல்யாணத்துக்குப் போனாள். ஆன்ஷலும் போனான், பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பேருந்தைப் பிடித்தான்.

பெஸ்யாவுக்கும் கல்யாணம் ஆனது. அவள் குடியிருந்த தெரு இவன் வண்டி போகிற தெருதான். பல குளிர்காலம் டப்பாவை நீட்டுவாள், இவன் ஊற்றுவான், இருவரும் நிமிரமாட்டார்கள். ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு வந்தவள், டப்பா நிறைகிற நேரத்தில், அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க அப்பாகிட்ட வந்து சொன்ன அன்னிக்கு நான் பட்டறை உள்ரூம்லதான் இருந்தேன். அப்பாகிட்ட சரின்னுதான் சொன்னேன். அவர்தான் கேக்கலை. உங்களுக்குத் தெரியணும்னு தோணிச்சு."

மண்ணெண்ணெய் டப்பா விளிம்பைத் தாண்டி வழிந்து அவள் செருப்பில் பட்டது. ஆன்ஷல் மன்னிப்புக் கேட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தான். அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெருவை வேறொரு வண்டிக்காரனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவனால் தாங்க முடிந்திருக்கும். இது ஒவ்வொரு நாளும் புதிதாக வலித்தது.

ரோய்ஸா செத்தபோது மகன் முறைக்குப் பதினோரு மாதம் அவன் முன்னால் நின்று ஜெபம் நடத்த வேண்டியிருந்தது. ஜெபம் நடத்துகிறவன் கல்யாணம் ஆகாதவனாக இருந்தாலும் அந்த நேரத்துக்குச் சால்வை போர்த்தவேண்டும். அதற்கென்று ஜெபக்கூடத்தில் ஒரு பொதுச் சால்வை கொக்கியில் தொங்கும். மஞ்சளித்துப் போனது, கழுத்துப் பக்கம் எத்தனையோ பேரின் வியர்வை ஏறியது. இரவல் சால்வை என்பதால் போர்த்தும்போது சொல்லவேண்டிய ஆசீர்வாதத்தை அவன் சொல்லமாட்டான். சும்மா போர்த்திக்கொண்டு நடத்திவிட்டு, முடிந்ததும் கொக்கியில் மாட்டிவிட்டு அடுப்போரம் வந்து உட்காருவான். ஒருமுறை அவன் மாட்டி முடித்ததும் பின்னால் யாரோ அதை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். அடுத்த வாரம் ஆன்ஷல் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக்கொண்டுவந்து மாட்டினான்.

காலம் போனது. வீடுகளுக்கு எரிவாயு வந்தது, மின்கணப்பு வந்தது. கழுதை கிழடாகிச் செத்தது. ஆன்ஷல் ஒரு பட்டறையில் பழைய அடுப்புகளுக்குத் திரி மாற்றும் வேலையில் சேர்ந்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் மாறவில்லை. ஹென்யாவின் தலை அவன் தலைக்கு முன்பே நரைத்தது. விரல்கள் மடங்காமல் விறைத்தன. அப்போதும் நூலைத் தேடி அவை வரும், சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

அவள் ஒரு மழைநாளில் போனாள். காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னபோதே முடிந்திருந்தது. அடக்க ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆண்கள் சேர்வதே கஷ்டமாக இருந்தது. லிப்மனுக்குத் தந்தி கொடுத்தான், லிப்மன் வரவில்லை. இடுகாட்டு வாசலில் வழக்கம்போல எல்லாரும் இடுப்புக் குஞ்சங்களை உள்ளே செருகிக்கொண்டார்கள். கட்டளைகளை இனி நிறைவேற்ற முடியாத இறந்தவர்கள் முன்னால் அவற்றை ஆட்டிக்காட்டுவது அவர்களைக் கேலி செய்வது போலாகும். ஆன்ஷல் செருகவில்லை. அடக்கக் குழுவின் பெரியவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"உள்ள விட்டுக்கோங்க ஐயா. இங்க வெளிய தெரியக்கூடாது."

"அவளுக்கு இது பழகினதுதான். இதைப் பார்த்தா அவ வருத்தப்படமாட்டா."

பெரியவர் அந்த நைந்த நூலைப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார்.

ஏழு நாள் துக்கம் அவன் தனியாகத் தரையில் உட்கார்ந்து முடித்தான். அதற்குப் பிறகு அவனுடைய குஞ்சங்கள் நையவே இல்லை. மாதக்கணக்கில் அதே நூல், அதே முடிச்சு.

இரண்டு வருடம் கழித்து லிப்மன் வந்தான். தொப்பை விழுந்து, தாடி நரைத்து, அப்பாவின் சாயல் அப்படியே ஏறியிருந்தது. கையில் ஒரு பை. மகளுக்குக் கல்யாணம், பெயர் ரோய்ஸா, அம்மா பெயர்தான் என்றான். சந்தோஷமான செய்தி என்று ஆன்ஷல் தேநீர் போட்டான். லிப்மன் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். கல்யாண ராத்திரியில் பிரச்சனை இல்லை, ராத்திரியில் யாரும் சால்வை போர்த்துவதில்லை, அடுத்து வரும் ஓய்வுநாளில் இரண்டு குடும்பமும் ஒரே ஜெபக்கூடத்தில் நிற்கவேண்டும், அதுதான் கவலை என்றான். பிறகு பையிலிருந்து புதுச் சால்வையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அண்ணே, நீ பெண்டாட்டி செத்தவன்னு சொல்லி வெச்சிருக்கேன். என் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் தெரியும். ஏன் கல்யாணமே ஆகலைன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நோண்ட ஆரம்பிச்சா எல்லாம் வெளிய வந்துடும். இதைப் போர்த்திக்கிட்டு நின்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"அடக்கத்துக்கு வரலையேடா நீ."

"வந்திருந்தா இன்னிக்கு இந்தக் கல்யாணம் இல்லை."

ஆன்ஷல் தம்பியின் ஆறிப்போன தேநீரை எடுத்துக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். முடியாது என்று சொல்ல எல்லா நியாயமும் அவனிடம் இருந்தது. ஆனால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அம்மா கேட்ட கேள்விக்கு இத்தனை வருடத்தில் அவன் பதில் கண்டுபிடித்திருக்கவில்லை. தம்பி மகள் அவனுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. வருகிறேன் என்றான்.

அந்த ஓய்வுநாள் காலை பினே பிராக்கில் ஆன்ஷல் தன் தோளில் ஒரு புதுச் சால்வையோடு நின்றான். பக்கத்தில் புது மாப்பிள்ளை, அவனும் புதிதாகப் போர்த்தியவன். இரண்டு சால்வையிலும் கடையில் மடித்த மடிப்பு கோடுகோடாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஸெலிக் தமாஷ்காரர்.

"என்ன சம்பந்தி, மாப்பிள்ளைக்கும் உங்கண்ணனுக்கும் ஒரே கடையிலா வாங்கினீங்க? அவருக்கும் இந்த வாரம்தான் கல்யாணமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லிப்மன் முகம் வெளுத்தது. பழசு நைஞ்சுபோச்சு, அதான் புதுசு என்று ஆன்ஷல் சொன்னான். தயங்காமல் வந்த அந்தப் பொய்யைக் கேட்டு அவனுக்கே பயமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டில் இரண்டு குடும்பமும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்தது. பாட்டு முடிந்து சூடாக அவரைக்கொட்டைக் குழம்பு வந்தபோது, எதிரே இருந்த புதுப்பெண் ரோய்ஸா பெரியப்பா பக்கம் சாய்ந்து கேட்டாள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டாள்.

"பெரியப்பா, பெரியம்மா பேரு என்ன? எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை."

லிப்மனின் கரண்டி நின்றது. ஆன்ஷல் ஒரு பெயரைத் தேடினான். எத்தனையோ பெயர்கள் உலகத்தில் இருந்தன.

"ஹென்யா," என்றான்.

ஸெலிக் தலையைத் தாழ்த்தி, அவர் நினைவு ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று முறைப்படி சொன்னார். மேசையில் இருந்த எல்லாரும் சொன்னார்கள். லிப்மனும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான்.

"எப்படி இருப்பாங்க?" என்று பெண் விடாமல் கேட்டாள்.

"அதிகமா பேசமாட்டா. பக்கத்துல உக்காந்துக்கிட்டு என் குஞ்சத்தைக் கையில பிடிச்சுக்குவா. நான் எழுந்திரிக்கிறவரைக்கும் விடமாட்டா."

பெண்கள் பக்கம் யாரோ நெகிழ்ந்து பெருமூச்சு விட்டார்கள். அப்படியொரு பாசம் இந்தக் காலத்தில் எங்கே என்று ஸெலிக்கின் மனைவி சொன்னாள். லிப்மன் தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து போனான். தண்ணீர்க் கூஜா மேசைமேல் நிறைந்தே இருந்தது. அவன் திரும்பி வர நேரமானது, வந்தபோது கண் சிவந்திருந்தது. பிறகு அன்று முழுக்க அவன் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லிப்மன் பேருந்து நிறுத்தம்வரை வந்தான். ஏதோ சொல்லப்போகிறவன் போல இரண்டுமுறை தொண்டையைக் கனைத்தான். பேருந்து வந்துவிட்டது. சால்வையை உறையில் மடித்துப் படுக்கைமேல் வைத்துவிட்டு வந்ததாக ஆன்ஷல் சொன்னான். அது உனக்குத்தானே அண்ணே வாங்கினேன் என்றான் லிப்மன். உன் அடுத்த பொண்ணுக்கும் கல்யாணம் வருமே, அப்போ வேணும், உன்கிட்டயே இருக்கட்டும் என்றான் ஆன்ஷல்.

அடுத்த ஓய்வுநாள் தன் ஜெபக்கூடத்தில் அடுப்போர இருக்கையில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்தான். பக்கத்து இருக்கைக்காரர் சால்வையைத் தலையிலிருந்து விலக்கி, கல்யாணம் எப்படி நடந்தது என்று விசாரித்தார்.

"நல்லா நடந்துச்சு," என்றான் ஆன்ஷல். "சாப்பாடு நிறையப் போட்டாங்க."